மதுரையில் 38,000, சென்னையில் 61,000: எது பெரிய சம்பளம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரை புதூரில் பெற்றோரோடு சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். இலந்தைக்குளத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை, கைக்கு 38,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 14,000. பையன் இரண்டாம் வகுப்பு. எல்லாச் செலவும் போக மாதம் 18,000 மிச்சம் பிடிக்கிறீர்கள். இப்போது சென்னை சிறுசேரி சிப்காட்டில் ஆண்டுக்கு 9.5 லட்சத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது, மார்ச்சில் சேர வேண்டும். "மாதம் 79,000 வருது, இரண்டு மடங்குக்கு மேல. குடும்பத்தோட கிளம்பிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

நான் கோவில்பட்டிக்காரன். 2008இல் சென்னைக்கு வந்து, இத்தனை வருடமும் நிறுவனங்களின் சம்பளக் கணக்குப் பிரிவில்தான் வேலை. அதனால் அந்த 79,000 என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். அது வராது.

நீங்கள் அனுப்பிய கடிதத்தில் 9.5 லட்சம் என்பது சி.டி.சி. அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதில் பத்து சதவீதம், 95,000 ரூபாய், செயல்திறனைப் பொறுத்து ஆண்டு முடிவில் வரும் பணம். வந்தால் வரும். அடிப்படைச் சம்பளம் 3.8 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். அதில் 12 சதவீதம் நிறுவனத்தின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு, 45,600. அதையும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, சுமார் 18,000, மருத்துவக் காப்பீடு சுமார் 9,000. இதெல்லாம் கழிந்த பிறகு உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 45,600 போகும். வருமான வரி பற்றிக் கவலை வேண்டாம். புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. தொழில்வரி கொஞ்சம் பிடிப்பார்கள். பன்னிரண்டால் வகுத்தால் கைக்கு வருவது 61,000 சொச்சம்.

பி.எஃப். சேமிப்புதானே என்பீர்கள். சேமிப்புதான். ஆனால் ஜூன் மாதம் பள்ளியில் அதைக் காட்டிக் கட்டணம் கட்ட முடியாது.

சரி, 38,000 எங்கே, 61,000 எங்கே, அதுவும் 23,000 கூடுதல்தானே என்று தோன்றும். இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். இரண்டு சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். மதுரையில் நமக்குச் சும்மா கிடைப்பதற்கு விலை போட்டுப் பார்ப்பதில்லை. வாடகை இல்லை. சாயங்காலம் பையனைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறார். அதனால்தான் உங்கள் மனைவி வேலைக்குப் போக முடிகிறது. அரிசியும் பருப்பும் ஒரே அடுப்பில் ஐந்து பேருக்கு வேகிறது. இவை எதுவும் சம்பளச் சீட்டில் வருவதில்லை. ஆனால் சென்னையில் ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு.

நீங்கள் சொன்ன விவரங்களையும் எனக்குத் தெரிந்த விலைவாசியையும் வைத்து ஒரு மாதத்தை ஓட்டிப் பார்த்தேன். எண்கள் உத்தேசம்தான், உங்களுடையதைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். சிறுசேரிக்கு அருகே படூர், கேளம்பாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு 18,000, பராமரிப்பு 2,500. மூன்று பேருக்கு மளிகை, பால், காய்கறி, கறி மீன், சிலிண்டர் 13,000. மின்சாரம், போன், இணையம் 3,000. பள்ளிக் கட்டணமும் வேனும் மாதக் கணக்கில் 7,000. உங்கள் பெட்ரோல், எப்போதாவது ஆட்டோ, 1,500. வண்டிக் கடன், நகைக் கடன் 6,000, அது எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். அப்பா அம்மாவுக்கு 7,000. மதுரை போய்வரச் சராசரியாக 3,000. கூட்டினால் 61,000.

கவனித்தீர்களா, மருந்து மாத்திரை, துணிமணி, மொய், பையனின் பிறந்தநாள் எதுவும் வருவதற்கு முன்பே சம்பளம் தீர்ந்துவிட்டது. அதற்கு ஒரு 6,000 வைத்தால் மொத்தம் 67,000. மதுரையில் மாதம் 18,000 மிச்சம் பிடித்தவர் சென்னையில் 6,000 துண்டு விழும் ஆளாகிறார், 23,000 கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டே.

மனைவி வேலைக்குப் போனால்? போகலாம். நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் பள்ளிகளுக்குக் குறைவில்லை. 18,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பையனைப் பள்ளி முடிந்ததும் பார்த்துக்கொள்ள ஓர் இடத்துக்கு 4,500. கடைசியில் 7,500 மிஞ்சும். இன்றைய மிச்சத்தில் பாதிகூட இல்லை. அவர் சம்பளமே இல்லாமல், இன்று போலவே 18,000 மிச்சம் வேண்டுமென்றால் உங்கள் கைக்கு 85,000 வர வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது அதில்லை. முதல் இரண்டு வருடம் பணத்துக்காகப் போவதாக நினைக்காதீர்கள், அவ்வளவுதான். உங்கள் தொழிலில் லாபம் மூன்றாவது வருடத்தில்தான் தெரியும். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட்டின் மென்பொருள் வளாகங்கள் இருந்தாலும், இந்த வேலையை விட்டால் அடுத்தது என்று கதவைத் தட்ட மதுரையில் எத்தனை நிறுவனம் இருக்கிறது, நீங்களே எண்ணிப் பாருங்கள். சென்னையில் ஒரு சம்பள உயர்வு மறுக்கப்பட்டால் அதே சாலையில் அடுத்த கட்டடத்தில் கேட்கலாம். பெரிய ஊர் தரும் ஒரே நிஜமான பலன் அதுதான் என்பேன். அதனால் புதிய வேலையில் என்ன கற்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். பழைய மென்பொருளைப் பராமரிக்கும் வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், 61,000க்கு நான் மதுரையை விட மாட்டேன். (இடைவழியாகக் கோயம்புத்தூரையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். வாடகை குறைவு, பேருந்து ஏறினால் ராத்திரிக்குள் வீடு. ஏனோ நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது நினைவுக்கே வருவதில்லை.)

அடுத்தது பயணம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், காரணம் நான் இதில் அடிபட்டவன். வேளச்சேரியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்று இரண்டு வருடம் ஓட்டினேன். வாடகை குறைவு என்றுதான் அந்த வீட்டைப் பிடித்தேன். மகள் நடக்கப் பழகியது ஒரு வாரநாளில். எனக்கு அது சனிக்கிழமைதான் தெரியும்.

உங்கள் சித்தப்பா மகன் மேற்குத் தாம்பரத்தில் தன் தெருவிலேயே 13,000க்கு ஒரு போர்ஷன் இருக்கிறது, வந்துவிடு என்கிறார். பராமரிப்புக் கட்டணமும் கிடையாது. கேளம்பாக்கம் பக்கம் 20,500, இங்கே 13,000, மாதம் 7,500 மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனாலும், வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனாலும், ஒரு நடைக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். சிறுசேரிக்குப் போகும் பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகச் சாலை நடுவில் தகரம் அடித்திருக்கிறார்கள். போகவர இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள், மழைநாளைச் சேர்க்காமல். மாதம் 22 நாளுக்கு 55 மணி நேரம். படூரிலோ கேளம்பாக்கத்திலோ இருந்தால் நாளுக்கு நாற்பது நிமிடம், மாதத்துக்கு 15 மணி நேரம். வித்தியாசம் 40 மணி நேரம். தாம்பரத்திலிருந்து பைக்கில் போய்வந்தால் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும். பெட்ரோலும் டயர் தேய்மானமும் சேர்த்துக் கூடுதலாக 2,500 ஆகிவிடும். ஆக உண்மையில் மிஞ்சுவது 5,000. அதாவது உங்கள் 40 மணி நேரத்தை மணிக்கு 125 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அலுவலகத்தில் உங்கள் மணி நேரத்தின் விலை 300 ரூபாய்க்கு மேல்.

இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாக மாறும் ஓர் இடமும் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்றால் 40 மணி 16 மணியாகிவிடும். அப்போது நானே தாம்பரம் என்பேன். அங்கே மின்சார ரயில் உண்டு, மருத்துவமனைகள் உண்டு, சந்தை உண்டு, மதுரை ரயில்கள் நின்று போகும், பக்கத்திலேயே சொந்தக்காரர். உங்கள் மனைவிக்கும் பள்ளி தேட வசதி. பெண்களுக்குக் கட்டணமில்லா 'பிங்க்' பஸ் கிடைத்தால் அவருடைய போக்குவரத்துச் செலவு பூஜ்யம். ஆகவே எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பதை மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். "ஹைபிரிட்தான் சார், டீம் பொறுத்தது" என்று போனில் சொன்னதை நம்பி வீடு பிடித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். நிறுவனப் பேருந்து ஓடுகிறதா, எந்த ஊர்வரை, சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்றும் அதே மடலில் கேட்டுவிடுங்கள்.

மெட்ரோ பற்றி ஒரு வார்த்தை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு ஒரு பாதை வருகிறது. வீட்டுத் தரகர் ஒவ்வொருவரும் "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம் சார்" என்பார். ஸ்டேஷன் வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் வாடகையை நீங்கள் இந்த மாதமே கொடுக்கப் போகிறீர்கள். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்த ஐந்து நிமிடத்துக்குக் காசு கொடுக்கலாம்.

வீடு பார்க்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப் போவார்கள். அன்று சோழிங்கநல்லூர் சிக்னல்கூட அழகாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு போட்டு வாருங்கள். காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அலுவலக வாசல் வரை போங்கள். மாலை ஆறரைக்குத் திரும்புங்கள்.

அப்புறம் தண்ணீர். மதுரைக்காரருக்கு வைகை வறண்டு கிடப்பது பழக்கம் என்றாலும், லாரித் தண்ணீர் விலையை அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் பல குடியிருப்புகள் போர் தண்ணீரையும் லாரியையும் நம்பி இருப்பவை. குளிர்காலத்தில் 2,500 என்று சொன்ன பராமரிப்பு ஏப்ரல், மே மாதத்தில் ஏறும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வற்றியபோது இந்தச் சாலையில் சில நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது: குடிநீர் வாரிய இணைப்பு உண்டா, இல்லை லாரியா? போன மே மாதம் பராமரிப்பு எவ்வளவு வாங்கினீர்கள்?

தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர் அதிகமாகவும் வரும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் எல்லாம் என்ன ஆயின என்று பார்த்திருப்பீர்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். 2015இல் நானும் வேளச்சேரியில் தரைத்தளத்தில்தான் இருந்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரகரிடம் "தண்ணி நிக்குமா?" என்று கேட்காதீர்கள். தெருமுனை டீக்கடையில் "மிக்ஜாம்ல இங்க எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார். வாடகை சற்றுக் கூடினாலும் முதல் மாடி.

மின்சாரம் சிறிய விஷயம்தான், ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்து அட்டைப்படி நீங்களே கட்டினால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்காரர் தன் இணைப்பிலேயே சப்மீட்டர் வைத்து "யூனிட் எட்டு ரூபாய்" என்று வாங்கும் வீடுகளில் அந்தச் சலுகை உங்களுக்கு வராது. தனி மீட்டரிலும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். கேளம்பாக்கத்துக் கோடையில் ஏ.சி. இல்லாமல் தூங்குவது கடினம்.

அட்வான்ஸுக்கு வருவோம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது அது. நடைமுறையில் ஐந்து, ஆறு மாதம் கேட்பவர்கள் இன்னும் உண்டு. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது, ஆனால் பேசிக் குறைக்கலாம். அதைவிட முக்கியம், காலி செய்யும்போது என்ன பிடிப்பார்கள் என்பது. எனக்கு ஒரு வீட்டுக்காரர் வெள்ளையடித்த செலவு, கதவு கீறல், குழாய் கசிவு என்று சொல்லி 22,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார். அந்தக் கீறல் நான் குடிவந்த அன்றே இருந்தது. என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. நீங்கள் சாவி வாங்கிய அன்றே சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவும் செய்யச் சொல்லுங்கள்.

ஐந்து மாத அட்வான்ஸ் 90,000, தரகு ஒரு மாத வாடகை, மதுரையிலிருந்து சாமான் லாரி, பள்ளிச் சேர்க்கை, திரைச்சீலை, தண்ணீர் வடிகட்டி என்று முதல் மாதத்திலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போகும். சேமிப்பை உடைக்காமல் இதைச் செய்ய ஒரு வழி இருக்கிறது. நான் உங்களுக்குச் சொல்லும் யோசனையும் அதுதான்: மார்ச்சில் நீங்கள் மட்டும் வாருங்கள்.

பையனுக்கு ஏப்ரலில் தேர்வு முடியும், பள்ளி ஜூனில்தான் திறக்கும். நீங்கள் மார்ச்சில் சேர்வதற்கும் அதற்கும் நடுவில் மூன்று மாதம் இருக்கிறது. சிறுசேரி, நாவலூர் பக்கம் சாப்பாட்டோடு பி.ஜி. எனும் தங்கும் விடுதி 9,000க்குக் கிடைக்கும், இரண்டு பேர் ஓர் அறையில். வெளிச்சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் 3,500, மாதம் இருமுறை மதுரை போய்வர 3,000. மொத்தம் 15,500. மனைவியின் 14,000 நிற்காது. மதுரை வீட்டுச் செலவு உங்கள் பெட்ரோல் போக 32,000. கணக்குப் போட்டால் மாதம் 27,500 மிஞ்சும், மூன்று மாதத்தில் 82,500. கிட்டத்தட்ட அட்வான்ஸ் தேறிவிட்டது. அதைவிட, வேலை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். மேலாளர் எப்படி, நிஜமாகவே எத்தனை மணிக்குக் கிளம்ப முடிகிறது, ஐந்து நாளும் வரச் சொல்கிறார்களா, எல்லாம் தெரியும். ஒத்துவராவிட்டால் பையனின் பள்ளியும் மனைவியின் வேலையும் மதுரையில் அப்படியே இருக்கும்.

இதில் ஒரு நிபந்தனை. இந்த மூன்று மாதத்துக்குள் உங்கள் மனைவி சென்னைப் பள்ளிகளில் நேர்காணலுக்குப் போய்வர வேண்டும். புதிய கல்வியாண்டுக்கு ஆள் எடுப்பது இந்தக் காலத்தில்தான். "அவங்களுக்குக் கொஞ்சம் தயக்கம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். மேலே போட்ட கணக்கில் 6,000 துண்டு விழுவதா, 7,500 மிஞ்சுவதா என்பது அவருடைய வேலையில் இருக்கிறது. வீடு எந்த ஊரில் என்பதையும் அவர் பள்ளி எங்கே அமைகிறதோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். உங்களுக்குப் பைக் இருக்கிறது.

ஊருக்குப் போய்வருவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நகருக்குள் இருப்பவர்கள் திட்டுகிறார்கள். கேளம்பாக்கத்துக்காரருக்கு அது ஒரு வரம், வண்டலூர் சாலையில் நேராகப் போய்விடலாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளி, பொங்கலுக்கு அந்தக் காலை எட்டு மணிக்குத் தயாராக உட்காராவிட்டால் ஆம்னி பஸ்தான், கேட்கிற விலைதான். 3,000 என்று நான் போட்டது சாதாரண மாதத்துக்கு.

அப்பாவுக்குச் சர்க்கரை, மாதாமாதம் பரிசோதனை என்று எழுதியிருந்தீர்கள். அவரை யார் கூட்டிப் போவார்கள் என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன் ஓர் ஆளைக் குறிப்பிட்டு முடிவு செய்யுங்கள். "அக்கம்பக்கத்தில் இருக்காங்க" என்பது போதாது.

கடைசியாக, வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுவனத்திடம் இரண்டு கேளுங்கள். இடமாற்றச் செலவுக்குப் பணம் தருவார்களா என்பது ஒன்று. பலர் கேட்பதே இல்லை, கேட்டால் லாரி வாடகையும் பதினைந்து நாள் தங்குமிடமும் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. இன்னொன்று, அந்த 95,000இல் பாதியையாவது மாதச் சம்பளத்துக்கு மாற்ற முடியுமா என்பது. மாற்றினால் கைக்கு மாதம் 4,000 வரை கூடும். கடிதம் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள், இன்னும் பேசலாம். சேர்ந்த பிறகு கேட்டால் அடுத்த ஏப்ரலில் பார்க்கலாம் என்பார்கள்.